யாரைக் கேட்டு? ஒரு கேள்வி பிறந்த கதை

“யாரைக் கேட்டுப் போனே?”

நம் வீடுகளில் இந்த மூன்று சொற்களை ஒரு முறையாவது வாங்கிக் கட்டிக்கொள்ளாத பெண் அரிது. அம்மா வீட்டுக்குப் போய்த் திரும்பிய சாயங்காலம், கடைத்தெருவில் கொஞ்சம் நேரமாகிவிட்ட நாள், காய்ச்சலில் கொதிக்கும் பிள்ளையைத் தானாகவே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடிய இரவு என்று ஏதாவது ஒரு நாளில் அது வாசற்படியில் காத்திருக்கும். கேட்பவர் கணவராக இருக்கலாம், மாமியாராக இருக்கலாம். பதில் வேண்டிக் கேட்கும் கேள்வி இல்லை அது. இனிமேல் போகக் கூடாது என்பதற்காகக் கேட்பது.

1998-இல் இதே கேள்வி ஓர் ஆய்வுப் படிவத்தில் அச்சாகி வந்தது. இந்த முறை பதில் வேண்டிக் கேட்டார்கள். அந்தப் பெண்ணையே உட்கார வைத்துக் கேட்டார்கள்.

அது இரண்டாவது தேசியக் குடும்ப நல ஆய்வு. மும்பையில் உள்ள சர்வதேச மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் அதை ஒருங்கிணைத்தது. 1998-99-இல் 26 மாநிலங்களில், 15 முதல் 49 வயது வரையிலான, திருமணமான பெண்கள் சுமார் 90,000 பேரை வீடு தேடிச் சென்று சந்தித்தார்கள். எத்தனை பிள்ளை பெற்றீர்கள், எத்தனை தங்கின, தடுப்பூசி போட்டீர்களா, கருத்தடை செய்துகொண்டீர்களா என்பவை வழக்கமான கேள்விகள். 1992-93-இல் நடந்த முதல் ஆய்விலும் அவை இருந்தன. இந்த முறை படிவத்தில் சில வரிகள் புதிதாகச் சேர்ந்திருந்தன.

வீட்டில் என்ன சமைப்பது என்று முடிவு செய்வது யார்? உங்கள் உடம்புக்கு வைத்தியம் பார்த்துக்கொள்வதை யார் முடிவு செய்வார்கள்? நகையோ வேறு பெரிய பொருளோ வாங்குவதை? அம்மா வீட்டுக்கோ உடன்பிறந்தவர் வீட்டுக்கோ போய்த் தங்குவதை? நீங்கள் சம்பாதித்த காசைச் செலவழிப்பதை? ஒவ்வொன்றுக்கும் ஐந்து பதில்கள் இருந்தன: நான், என் கணவர், நானும் கணவரும் சேர்ந்து, வீட்டில் மற்றவர்கள், நானும் மற்றவர்களும் சேர்ந்து. கூடவே இன்னும் இரண்டு. கடைக்கோ உறவினர் வீட்டுக்கோ போக அனுமதி வாங்க வேண்டுமா? விருப்பம்போல் செலவழிக்கத் தனியாகக் கொஞ்சம் பணம் வைத்துக்கொள்ள உங்களுக்கு இடமுண்டா?

கடைசிக் கேள்வியில் வரும் பணத்துக்கு நம் மொழியில் பழைய பெயர் ஒன்று உண்டு. சிறுவாடு. கடுகு டப்பாவிலும், அரிசிப் பானைக்குள்ளும், மடித்து வைத்த சேலைக்கு அடியிலும், முந்தானை முடிச்சிலும் நம் பாட்டிகள் மிச்சம் பிடித்து வைத்த காசு.

பிள்ளைக் கணக்கு எடுக்க வந்தவர்கள் சிறுவாட்டைப் பற்றியும் அம்மா வீட்டைப் பற்றியும் ஏன் விசாரிக்க வேண்டும்? அந்த ‘ஏன்’ பிறந்து வளர்ந்த கதை பூனாவிலும் நைஜீரியாவிலும் டெல்லியின் குடியிருப்பு ஒன்றிலும் நம் கோயம்புத்தூரிலும் நடந்தது.

சுவரில் எழுதிய ‘நாம்’

குடும்பக் கட்டுப்பாட்டை அரசுத் திட்டமாக ஏற்ற முதல் நாடு இந்தியா. ஆண்டு 1952. சிவப்பு முக்கோணமும் ‘நாம் இருவர், நமக்கு இருவர்’ என்ற வாசகமும் ஆரம்ப சுகாதார நிலையத்துச் சுவர்களிலும் பஸ்களின் முதுகிலும் ஏறின. அந்த ‘நாம்’ என்ற சொல்லை யாரும் நின்று யோசிக்கவில்லை. புருஷனும் பெண்டாட்டியும் உட்கார்ந்து பேசி முடிவெடுக்கும் ஒரு வீட்டை அது முன்கூட்டியே கற்பனை செய்துகொண்டது. அப்படிப் பேசும் வீடுகள் எத்தனை?

அரசு எண்ணியது அறுவைச் சிகிச்சைகளை. மாநிலத்துக்கு, மாவட்டத்துக்கு, ஊழியருக்கு என்று இலக்கு வைத்தார்கள். நெருக்கடி நிலையின்போது, 1976-77-இல் மட்டும் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைகள் நடந்தன. பெரும்பாலும் ஆண்களுக்கு. பல இடங்களில் கட்டாயப்படுத்திச் செய்தார்கள். 1977 தேர்தலில் அந்தக் கோபம் வெடித்தது. அதன் பிறகு திட்டம் பெண்கள் பக்கம் திரும்பியது. திரும்பிய பாரம் இன்றுவரை இறங்கவில்லை. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி மணமான பெண்களில் 38 சதவீதம் பேர் அறுவை செய்துகொண்டவர்கள். கணவர் அறுவை செய்துகொண்ட குடும்பங்கள் 0.3 சதவீதம்.

தமிழ்நாட்டில் வேறொரு குரல் அதற்கும் முன்பே எழுந்திருந்தது. ‘பெண் ஏன் அடிமையானாள்?’ நூலில் சேர்ந்த கர்ப்பத்தடைக் கட்டுரையில் பெரியார் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக வைத்தார். மற்றவர்கள் உடல்நலத்துக்காகவும் குடும்பச் சொத்துக்காகவும் கருத்தடையை வேண்டுகிறார்கள், நாங்கள் பெண்ணின் விடுதலைக்காக வேண்டுகிறோம் என்பது அவர் வாதத்தின் சாரம். மக்கள்தொகை அறிஞர்கள் அந்த இடத்துக்கு வந்து சேர அரை நூற்றாண்டு ஆயிற்று.

இபாதானில் கிடைத்த விடை

ஆஸ்திரேலிய மக்கள்தொகை அறிஞர் ஜான் கால்ட்வெல் 1970-களில் நைஜீரியாவின் இபாதான் நகரத்திலும் சுற்றுப்புறத்திலும் யொரூபா இனத்துத் தாய்மார்களிடம் ஆய்வு நடத்தினார். எந்த வீட்டுக் குழந்தைகள் பிழைக்கின்றன, எந்த வீட்டுக் குழந்தைகள் இறக்கின்றன என்று பார்த்தார். அப்பாவின் வேலை, வருமானம், வசிக்கும் இடம் எல்லாவற்றையும் விலக்கிவிட்டுப் பார்த்தாலும் ஒன்று தனித்து நின்றது. தாயின் படிப்பு. 1979-இல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார்.

படித்த தாய்க்கு நுண்கிருமி பற்றித் தெரியும், அதனால் பிள்ளை பிழைக்கிறது என்று சொல்லி அவர் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. பள்ளிக்கூடம் போய் வந்தவள் வீட்டுக்குள் தன் இடத்தையே மாற்றிக்கொள்கிறாள் என்றார். தலைவிதி என்று கைகட்டி நிற்பதில்லை. நர்ஸிடமும் டாக்டரிடமும் குரல் கொடுத்துப் பேசுகிறாள், அவர்களும் காது கொடுக்கிறார்கள். எல்லாவற்றையும்விட, குழந்தையின் விஷயத்தில் மாமியாரையும் பெரியவர்களையும் தாண்டி முடிவெடுக்கும் உரிமை அவளுக்குக் கிடைக்கிறது.

இது எப்படி ஓர் உயிரைக் காப்பாற்றும்? ஓர் இரவை நினைத்துப் பாருங்கள். எட்டு மாதக் குழந்தை. காலையிலிருந்து பேதி. பொழுது சாய்வதற்குள் ஏழெட்டு முறை போய்விட்டது. அழுகிறது, கண்ணீர் வரவில்லை. நாக்கு வறண்டிருக்கிறது. மத்தியானத்திலிருந்து துணி நனையவில்லை. உச்சிக்குழி உள்வாங்கியிருப்பதை முதலில் காண்பவள் தாய்தான், ஏனென்றால் அவள் கைதான் அந்தத் தலையைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. ‘பல்லு முளைக்குது, அப்படித்தான் போகும்’ என்கிறார் மாமியார். ‘தோஷம் தட்டியிருக்கு, காலையில மந்திரிச்சுக்கலாம்’ என்கிறார் இன்னொருவர். கணவர் வெளியூரில். ஆட்டோவுக்குக் காசு அவர் சட்டைப்பையில்.

அந்த வீட்டில் எல்லோருக்கும் குழந்தை மேல் பாசம் உண்டு. ஆனால் கண்டவளுக்கு அதிகாரம் இல்லை, அதிகாரம் உள்ளவர் காணவில்லை. உடம்பில் நீர் வற்றும் குழந்தைக்கு விடியும்வரை பொறுக்க நேரம் கிடையாது. உப்புச் சர்க்கரைக் கரைசலைக் கலக்கித் தொடர்ந்து புகட்டத் தெரிந்தவள், கடுகு டப்பாவில் ஐம்பது ரூபாய் வைத்திருப்பவள், யாரையும் கேட்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பக்கூடியவள் அந்தக் குழந்தையைப் பிழைக்க வைத்துவிடுவாள். ‘யாரைக் கேட்டுப் போனே?’ என்ற பேச்சுக்கு அஞ்சி விடியும்வரை மடியில் போட்டுக்கொண்டு அழுபவள், பாசத்தில் இவளுக்குக் குறைந்தவள் அல்லள்.

1986-இல் கால்ட்வெல் இன்னும் விரிவாகப் பார்த்தார். பணக்கார நாடுகளாக இல்லாமலேயே சாவைக் குறைத்த இடங்கள் எவை என்று தேடியபோது இலங்கை, கேரளம், கோஸ்டாரிக்கா மூன்றும் தெரிந்தன. மூன்றிலும் அவர் கண்ட பொதுவான அம்சங்களில் முதன்மையானது பெண்களின் தன்னுரிமை.

அத்தை என்றால் யார்?

கதையின் இன்னொரு கிளை பூனாவில் தொடங்குகிறது. டெக்கான் கல்லூரியில் பணியாற்றிய மானிடவியலாளர் இராவதி கார்வே, பர்மாவில் 1905-இல் பிறந்தவர். விதவை மறுமணத்துக்கும் பெண்கல்விக்கும் உழைத்த தோண்டோ கேசவ் கார்வேயின் மருமகள். அவர் கணவரின் அண்ணன் ரகுநாத் கார்வே 1921-இலேயே பம்பாயில் கருத்தடை மருத்துவ நிலையம் தொடங்கியவர். இராவதி நாடெங்கும் சுற்றி, இந்தியர்கள் யாரை யார் மணக்கிறார்கள், உறவுகளை எப்படி அழைக்கிறார்கள் என்று திரட்டி 1953-இல் இந்திய உறவுமுறைகள் பற்றிப் பெரும் நூல் ஒன்றை வெளியிட்டார்.

வடக்கின் பெரும் பகுதியில் ஒரே ஊரார் உடன்பிறப்புகளுக்குச் சமம். பெண்ணை வேற்றூரில், ரத்த உறவில்லாத வீட்டில்தான் கொடுப்பார்கள். பிறந்த ஊரில் முகம் மூடாமல் ஓடியாடிய ‘பேட்டி’ (மகள்), புகுந்த ஊரில் முக்காட்டுக்குள் ‘பஹூ’ (மருமகள்) ஆகிறாள். மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்காத பெற்றோர் உண்டு. அந்த வீட்டில் அவளைச் சிறு வயதிலிருந்து தெரிந்தவர் ஒருவரும் கிடையாது.

தெற்கே நம் மொழியே வேறு கதை சொல்கிறது. கணவனின் தாயை ‘அத்தை’ என்கிறோம். அப்பாவின் அக்கா தங்கையும் அத்தைதான். கணவனின் தந்தை ‘மாமா’. அம்மாவின் அண்ணன் தம்பியும் மாமாதான். அத்தை மகன், மாமன் மகள் என்று முறை வைத்துக் கட்டிக்கொண்ட சமூகத்தின் சொற்கள் இவை. முறைமாப்பிள்ளை இல்லாவிட்டாலும் பக்கத்து ஊரில், தெரிந்த குடும்பத்தில் கொடுப்பது வழக்கம். தலைப்பிரசவம் தாய்வீட்டில் நடக்கும். பிள்ளைக்குக் காது குத்தும்போது அது உட்காருவது தாய்மாமன் மடியில். பிறந்த வீட்டுக் கை அவள் முதுகுக்குப் பின்னால் எப்போதும் உண்டு.

இந்தப் படத்தின் மேல் பிறப்பு இறப்புக் கணக்கை வைத்துப் பார்த்தவர்கள் டிம் டைசன், மிக் மூர் என்ற இரு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள். 1983-இல் வந்த அவர்களுடைய கட்டுரை மத்திய இந்தியாவின் சாத்பூரா மலைத்தொடரை ஒட்டி ஒரு கோடு போட்டது. கோட்டுக்குத் தெற்கே பெண்களுக்குக் கல்யாணம் தாமதமாக நடந்தது, பிள்ளைகள் குறைவாகப் பிறந்தன, பிறந்தவை அதிகம் பிழைத்தன, பெண் குழந்தைக்கும் ஆண் குழந்தைக்கும் இடையே சாவில் இருந்த இடைவெளி குறுகியது. வறுமையை மட்டும் வைத்து இதை விளக்க முடியவில்லை. அன்று பணமும் விளைச்சலும் மிகுந்த பஞ்சாபும் ஹரியாணாவும் கோட்டுக்கு வடக்கே இருந்தன.

தன்னுரிமைக்கு அவர்கள் தந்த விளக்கத்தில் பெரிய வார்த்தைகள் இல்லை. தன்னைப் பற்றியும் தனக்கு நெருங்கியவர்களைப் பற்றியும் முடிவெடுக்கத் தேவையான தகவலைப் பெறவும், அதைக் கொண்டு முடிவெடுக்கவும் ஒருத்திக்கு உள்ள ஆற்றல். அவ்வளவுதான். அறியாத வீட்டில், கைக்காசு இல்லாமல், பிறந்த வீட்டின் துணையும் இல்லாமல் நிற்கும் பெண்ணுக்கு அந்த வீட்டில் கால் ஊன்ற ஒரே வழி ஆண் பிள்ளை. ஒன்று போதாது, தங்குமோ தங்காதோ. ஆகவே இன்னொன்று. குடும்பம் பெருப்பதற்கு இதைவிட வலுவான காரணம் வேண்டுமா? பிள்ளை பிழைக்கும் என்ற நம்பிக்கையும் தனக்கென்று ஓர் இடமும் உள்ளவள் இரண்டோடு நிறுத்த நினைக்கலாம், நினைத்ததைச் சொல்லவும் செய்யலாம்.

சொந்தத்தில் மணப்பதால் வரும் பிறவி நோய்களின் ஆபத்து வேறு விஷயம், அதை நாம் மறக்கக் கூடாது. பெண்ணுக்குப் பலம் தந்தது ரத்த உறவு அல்ல, கூப்பிடு தூரத்தில் இருந்த பிறந்த வீடு.

ஒரே தெரு, இரண்டு ஊர்ப் பெண்கள்

ஒரு சந்தேகம் மிஞ்சியது. வடக்கையும் தெற்கையும் ஒப்பிடும்போது மண், மழை, ஆட்சி, ஆஸ்பத்திரி எல்லாமே மாறுகின்றன. காரணம் பெண்ணின் நிலைதான் என்று எப்படிச் சொல்வது? ஆய்வாளர் அலகா பாசு இதற்கு அழகான வழி ஒன்று கண்டார். டெல்லியில் குடிசைவாசிகளை மறுகுடியமர்த்திய ஒரு குடியிருப்பில் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களும் உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்தவர்களும் அருகருகே வாழ்ந்தார்கள். அதே வறுமை, அதே குடிநீர், அதே மருந்தகம். தமிழ்ப் பெண்கள் வீட்டு வேலைகளுக்கு வெளியே போய்ச் சம்பாதித்தார்கள். அண்டை வீட்டு வடநாட்டுப் பெண்களில் பெரும்பாலோர் வாசல் தாண்டவில்லை. பிள்ளைகளின் எண்ணிக்கையிலும், பெண் குழந்தையைப் பேணுவதிலும் சொந்த ஊரின் வழக்கம் டெல்லிக்கும் கூடவே வந்திருந்தது. அவருடைய நூல் 1992-இல் வந்தது. வெளியுலகைக் காண்பது, வெளியுலகோடு புழங்குவது, முடிவெடுப்பது என்று பெண்ணின் நிலையை மூன்றாகப் பிரித்து ஆராய்ந்தது அந்நூல்.

ஆய்வாளர்கள் ஷிரீன் ஜெஜீபாய், ஜீபா சத்தார் இருவரும் 1990-களில் கேள்வியை நேராகப் பெண்களிடமே கொண்டுபோன ஆய்வில் பங்கெடுத்தவர்கள். தமிழ்நாட்டில் கோயம்புத்தூர், ராமநாதபுரம் மாவட்டங்களிலும், உத்தரப் பிரதேசத்திலும், பாகிஸ்தானின் பஞ்சாபிலும் கிராமத்துப் பெண்களிடம் கேட்டார்கள். முஸ்லிம் பெண்ணுக்கு உரிமை குறைவு, இந்துப் பெண்ணுக்கு அதிகம் என்று சொல்லி வந்தவர்களுக்கு அதில் பதில் இருந்தது. தமிழ்நாட்டில் இந்துப் பெண்ணும் முஸ்லிம் பெண்ணும் ஏறக்குறைய ஒரே அளவு உரிமையோடு இருந்தார்கள். வடக்கே இரு மதத்துப் பெண்களும் ஒரே மாதிரி கட்டுண்டு கிடந்தார்கள். பெண்ணைப் பூட்டுவது மதத்தைக் காட்டிலும் வட்டார வழக்கம்.

இதைப் படித்து நாம் மீசை முறுக்கிக்கொள்ள வேண்டாம். உசிலம்பட்டியில் நடந்த பெண் சிசுக்கொலைகள் 1980-களில் நாடறிந்தவை. பெற்றவர் வேண்டாம் என்ற பெண் குழந்தைகளை அரசே ஏற்கும் தொட்டில் குழந்தைத் திட்டத்தை 1992-இல் சேலத்தில் தொடங்க வேண்டிய நிலை நமக்கு இருந்தது. மோனிகா தாஸ் குப்தா பஞ்சாபில் செய்து 1987-இல் வெளியிட்ட ஆய்வும் இதே எச்சரிக்கையைத் தருகிறது. அங்கே இரண்டாவது, மூன்றாவதாகப் பிறந்த பெண் குழந்தைகள் அதிகம் இறந்தன, படித்த தாய்மார்களின் வீடுகளிலும்கூட. ஆண் வாரிசு வேண்டும் என்ற பிடி தளராமல் குடும்பம் மட்டும் சிறுத்தால், அந்த விலையைக் கொடுப்பவள் பெண் குழந்தை.

படிவத்துக்கு வந்த வழி

1994-இல் கெய்ரோவில் ஐ.நா. மக்கள்தொகை மாநாடு கூடியது. 179 நாடுகள் ஏற்ற செயல்திட்டம், எண்ணிக்கையைக் குறைக்கும் இலக்கிலிருந்து பெண்ணின் உரிமைக்கும் உடல்நலத்துக்கும் பார்வையைத் திருப்பியது. 1996-இல் இந்தியா அறுவை இலக்குகளைக் கைவிட்டது. இரண்டு ஆண்டுகள் கழித்து அடுத்த தேசிய ஆய்வுக்குப் படிவம் தயாரானபோது, முடிவெடுப்பது யார் என்ற கேள்வி அதில் ஏறி உட்கார்ந்தது.

வந்த பதில்கள் வலித்தன. தன் உடம்புக்கு வைத்தியம் பார்த்துக்கொள்ளும் முடிவில் பங்குள்ளவர்கள் 52 சதவீதம். அனுமதியின்றிக் கடைக்குப் போகக்கூடியவர்கள் 32 சதவீதம். உறவினரையோ தோழியையோ பார்க்க அப்படிப் போகக்கூடியவர்கள் 24 சதவீதம். சிறுவாட்டுக்கு இடமிருந்தவர்கள் 60 சதவீதம். சமையல் ஒன்றில்தான் அவள் பங்கு மிக அதிகம். பின்னாளில் அந்தச் சமையல் கேள்வியை எடுத்துவிட்டார்கள். சரியான செயல். குழம்பா ரசமா என்று முடிவு செய்வதை உரிமை என்று எண்ணிக் கொண்டாட முடியாது.

2019-21 ஆய்வில் தன் வைத்தியம், பெரிய செலவு, பிறந்த வீட்டுப் பயணம் மூன்றில் ஒன்றின் முடிவிலாவது பங்குள்ளவர்களாக 89 சதவீதம் பேர் சொன்னார்கள். இடைப்பட்ட காலத்தில் பிள்ளைக் கணக்கும் மாறியது. 1992-93-இல் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 3.4 பிள்ளைகள், 2019-21-இல் 2.0. ஓராண்டு நிறையும் முன் இறந்த குழந்தைகள் 1,000-க்கு 79-ஆக இருந்தது 35-ஆகக் குறைந்தது. தமிழ்நாடு 2.5-இலிருந்து 1.8-க்கு வந்தது. உத்தரப் பிரதேசம் 4.8-இலிருந்து 2.4-க்கு வந்துவிட்டது. அங்கே யாரும் அத்தை மகனைக் கட்டிக்கொள்ளத் தொடங்கவில்லை. பள்ளிக்கூடமும் சாலையும் ஆஷா என்னும் கிராமச் சுகாதார ஊழியரும் கருத்தடை வசதியும் சேர்ந்து இதைச் செய்தன. டைசனும் மூரும் போட்ட கோடு தலைவிதி இல்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

ஆனால் அதே ஆய்வில் இன்னொரு எண்ணும் இருக்கிறது. கடைக்கு, ஆஸ்பத்திரிக்கு, ஊருக்கு வெளியே என்று மூன்று இடங்களுக்கும் தனியாகப் போக விடப்படும் பெண்கள் 42 சதவீதம் பேர்தான். ‘நாங்க ரெண்டு பேரும் பேசித்தான் முடிவு செய்வோம்’ என்று வாயால் சொல்லும் வீட்டிலும் கால் வாசற்படியில் தயங்குகிறது. அப்படித் தயங்கும் பெண்களில் யாரோ ஒருத்தியின் இடுப்பில் பேதியால் துவண்ட குழந்தை இருக்கும்.

அரசு செய்ய வேண்டியது நிறைய உண்டு. ஆனால் இந்தக் கேள்விக்குத் தினமும் பதில் எழுதுவது நம் வீடுகள். உங்கள் வீட்டுப் பெண் கையில், கணக்குக் கேட்காத கொஞ்சம் பணம் இருக்கட்டும். ராத்திரி பத்து மணிக்கு அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பி வந்தால், ‘யாரைக் கேட்டுப் போனே?’ என்று வாய் வரைக்கும் வருவதை விழுங்கிவிடுங்கள். ‘குழந்தைக்கு இப்போ எப்படி இருக்கு?’ என்று கேளுங்கள்.